ஆறடி பாத்ரூமில் பரம்படித்த கதை

கோபக்காரன் எந்த வேலையையும் தானே செய்யக் கூடாது. அவனுக்குப் பாதியில் நிறுத்தத் தெரியாது. தப்பு என்று தெரிந்த பிறகும் நிறுத்தத் தெரியாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் வீட்டு பாத்ரூமில், பாதம் நனையும் தண்ணீரில், கையில் கடப்பாரையோடு நின்றபோது நானே தெரிந்துகொண்டேன்.

என் வேலை என்ன என்று சொன்னால் சிரிப்பீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். நெய்வேலி சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். மேலே மழைத் தண்ணீர் வேறு. இரண்டையும் ராப்பகலாக இறைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பம்பு நின்றால் சுரங்கம் ஏரியாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் தண்ணீரைத் துரத்துவதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவன், ஒரு வாளித் தண்ணீரை சொந்த பாத்ரூம் ஓட்டை வழியாக வெளியே அனுப்ப முடியாமல் அழுதேன். (அழவில்லை, கத்தினேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்பாள் என் மனைவி கலைவாணி.)

எங்கள் குவார்ட்டர்ஸ் பழையது. பின்பக்கம், சமையலறைக்கும் தோட்டத்துக் கதவுக்கும் நடுவில் ஒரு நடை. அந்த நடையில் பாத்ரூம். ஐந்தடிக்கு ஆறடி. அதன் தரை நடுவில் குழிந்து, ஓரத்தில் மேடாகி, ஒரு தாம்பாளத்தை யாரோ மிதித்த மாதிரி இருக்கும். தண்ணீர் போகிற ஓட்டை மூலையில், மேட்டின் உச்சியில். ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் நடுக்குழியில் சேர்ந்து, சோப்பு நுரையோடு, போக வழி தெரியாமல் நிற்கும். நாங்கள் பழகிவிட்டோம். நான் குழிக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்துக் குளிப்பேன். என் மகள் நிவேதா ஒற்றைக் காலில் குளிக்கக் கற்றுக்கொண்டாள். வெளியூர் விருந்தாளிகள் மட்டும் 'ஐயோ' என்ற சத்தத்தோடு குளிப்பார்கள்.

கம்ப்ளைன்ட் கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்தேன். "வரிசையா ஒவ்வொரு பிளாக்கா செஞ்சிகினு வராங்க சார், உங்க முறை வரும்போது வருவாங்க" என்று குவார்ட்டர்ஸ் ஆபீஸில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார். நான்தான் மேஜையைத் தட்டி, "உங்க முறையும் வேணாம், உங்க சிமெண்ட்டும் வேணாம், என் வீட்டுத் தரையைப் போட எனக்குத் தெரியும்" என்று கத்திவிட்டு வந்தேன். எனக்குத் தெரியாது. ஆனால் கத்தியாகிவிட்டது. பிறகு எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

அடுத்து ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தேன். அவர் கேட்ட கூலி எனக்கு அதிகமாகப் பட்டது. "பாத்ரூம் தரைக்குக் கேக்கறீங்களா, கல்யாண மண்டபத்துக்குக் கேக்கறீங்களா?" என்றேன். அவர் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆக, ஊரில் தரை போடத் தெரிந்த எல்லோரோடும் நான் சண்டை போட்டு முடித்திருந்தபோதுதான் என் மாமனார் வந்தார்.

மாமனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு கிராமம். நெல் விவசாயி. அவர் நிலம் சுரங்கத்துக்காக எடுக்கப்பட்டது. பணம் வந்தது. அந்தப் பணத்தில் மகன் திருப்பூரில் தொழில் வைத்தான். மாமனாருக்கு ஊரில் வீடு மட்டும் மிஞ்சியது. அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி கூடத் தங்கியதில்லை. பொங்கலுக்கு வந்தாலும் கையில் ஒரு கேன் தண்ணீரோடு வருவார். "ஒங்க ஊர்த் தண்ணி எனக்கு ஒத்துக்கறதில்ல மாப்ள" என்பார். கேன் காலியாவதற்குள் கிளம்பிவிடுவார். நான் பம்பு பார்க்கிறவன். மண்ணைத் தோண்டும் மெஷின் பக்கம் கூடப் போனதில்லை. அதை அவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "நீங்க தண்ணிய எறச்சாத்தான மாப்ள அவங்க தோண்ட முடியும்?" என்றார்.  அவருக்குச் சுரங்கம் என்றால் நான்தான்.

என் மாமியார் இறந்த பிறகு அவர் ஊரில் தனியாக இருந்தார். ஒரு நாள் தலை சுற்றி வாசலிலேயே விழுந்தார். டாக்டர், இனி தனியாக விடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். கலை போய் அழுது, சண்டை போட்டு, பஸ் ஏற்றிக் கூட்டி வந்தாள். மூன்று கேன் தண்ணீரும் கூட வந்தது.

மறுநாள் காலை பாத்ரூமுக்குப் போனார். வழக்கமான 'ஐயோ' கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மாப்ள, வூட்டுக்குள்ளயே கொளம் வெட்டி வச்சிருக்கீங்க. சொல்லவே இல்லியே."

"அது கொஞ்சம் பள்ளமா இருக்கும் மாமா. பாத்து..."

"தல சுத்தி வுழுந்து சாவறதுன்னா எங்க ஊர்லயே வுழுந்துக்கறேன். எனக்குத் தெரிஞ்ச தர அது. ஞாயித்துக்கெழம கெளம்பறேன்."

அவருக்குக் கிளம்ப ஒரு காரணம் வேண்டியிருந்தது. என் பாத்ரூம் அதைத் தட்டில் வைத்துக் கொடுத்தது. 

கலை என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். சாதாரணமாக என்னை 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். கோபம் வந்தால் 'ங்க' போய்விடும். 'யோவ்' வந்துவிடும்.

"யோவ். இத்தினி வருசம் கழிச்சி எங்கப்பன் இந்த வூட்டுல படுத்திருக்காரு. அந்தப் பள்ளத்தால அவரு திரும்பிப் போனாருன்னு வையி, அதே பஸ்ல ஒன்னயும் ஏத்தி வுட்டுடுவேன். சேத்தியாத்தோப்புல எறங்கி ரெண்டு பேரும் எப்படியோ பொழச்சிக்கங்க."

ஞாயிறுக்கு முன்னால் எனக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. நானே தரை போடுவது என்று முடிவு செய்தேன்.

பொருள் சேர்ப்பது பெரிய செலவாக இல்லை. பக்கத்து வீட்டு ஞானதுரை திருநெல்வேலிக்காரர், அனல்மின் நிலையத்தில் வேலை. அவர் மாடியில் எதற்கோ வாங்கி மீந்த அரை மூட்டை சிமெண்ட் இருந்தது. பாதி கட்டி தட்டியிருந்தது. "கல்லா போச்சுவே, தலைக்கு வச்சிப் படுக்கலாம்" என்றார். அதைச் சுத்தியால் உடைத்து, சல்லடையில் சலித்துப் பொடியாக்கினேன். (கட்டி தட்டிய சிமெண்ட் செத்த சிமெண்ட் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது மிச்சப்படுத்திவிட்ட பெருமையில் விசில் அடித்தேன்.) அது பற்றாது என்று ஒரு மூட்டை புதிதாக வாங்கினேன். மணலுக்கு பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு வீடு கட்டும் இடத்தில் சொல்லி ஸ்கூட்டரில் நாலு நடை. கலவை பூசும் கரணை இரவல். ரசமட்டம் இரவல் கேட்க வேண்டியவர் மேஸ்திரி. அவரிடம் எப்படிக் கேட்பது? கண்ணால் பார்த்தே போட்டுவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பழைய தரையை உளியால் கொத்திவிட்டேன். ஓட்டைக்குள் கலவை விழுந்து அடைத்துக்கொள்ளக் கூடாதே என்று ஒரு பிளாஸ்டிக் பைப் துண்டை அதில் நிற்க வைத்துச் செருகினேன். எனக்கே என்னைப் பிடித்திருந்தது. பிறகு கலவை போட்டேன். தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது. அதைச் சரிசெய்ய சிமெண்ட் போட்டேன். சிமெண்ட் கூடிவிட்டது. தண்ணீர் ஊற்றினேன்.

மாமனார் நடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் பொறுப்பான்?

"அது என்னா மாப்ள, பாயசமா?"

"கலவை மாமா."

"முந்திரி போடலியா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு பாத்ரூமில் கொட்டினேன். கரணையால் இழுத்தேன். இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் ஏறியது. அந்தப் பக்கம் அமுக்கினால் இந்தப் பக்கம் குமிழ் விட்டது. பழைய தரையில் ஒரு குழிதான் இருந்தது. நான் நான்கு குழிகளை உண்டாக்கியிருந்தேன். கரணையைத் தூக்கி எறிந்தேன். அது ஞானதுரை வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

மாமனார் ஸ்டூலிலிருந்து எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "நவுருங்க" என்றார்.

உள்ளே எட்டிப் பார்த்தார். அந்தச் சேற்றை அவர் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது. பசியில் இருக்கிறவன் முன்னால் இலையைப் போட்ட மாதிரி.

"சேத்த கரண்டியால தடவி மட்டமாக்க முடியுமா? இது என்னா ரொட்டிக்கு ஜாமா? பரம்பு அடிக்கணும் மாப்ள. ஒரு பலக கொண்டாங்க. கவுறு கொண்டாங்க."

உழுத வயலில் தண்ணீர் கட்டி, பலகையை மாட்டில் பூட்டி இழுத்து, சேற்றைச் சமப்படுத்துவதுதான் பரம்படிப்பது. ஆள் பலகை மேல் ஏறி நிற்பான், கனத்துக்காக. இது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது, அவர் இதை ஆறடி பாத்ரூமில் செய்யப்போகிறார் என்பதும் மாடு யார் என்பதும்தான்.

பரணில் இருந்த பலகையை இறக்கினேன். பாத்ரூம் அகலத்துக்குச் சரியாக இருந்தது. இரண்டு முனையிலும் கயிறு கட்டினார். உள்சுவரை ஒட்டிப் பலகையைப் படுக்க வைத்து, அதன் மேல் குந்திக்கொண்டார். கயிற்றை என் கையில் கொடுத்தார். நான் வாசலில் நின்று இழுத்தேன்.

"அப்படி இழுத்தா பலக தூக்குது. கவுறு தரயோட தரயா வரணும். குனிங்க."

குனிந்தேன்.

"இன்னும் குனிங்க. திரும்பிக்கங்க. மாடு என்னிக்காவது ஓட்டறவன் மூஞ்சப் பாத்துக்கினு நடக்குமா?"

ஆக, நான் நடையில் நான்கு காலில் நின்றேன். (கை இரண்டு, முட்டி இரண்டு.) கயிறு என் தோளைச் சுற்றி மார்பில் இருந்தது. முகம் தோட்டத்துக் கதவைப் பார்த்து. பின்னால் என் மாமனார் பலகை மேல்.

"ஹை!" என்றார்.

நான் இழுத்தேன். பலகை சர்ரென்று நகர்ந்தது. அதுவரை எனக்கு 'வாங்க, போங்க' போட்ட மனிதர், கயிறு இறுகியதும் வேறு ஆளாகிவிட்டார்.

"ஹை, ஹை! வலத்துல போ. வலத்துல! தூ, சனியனே, நேரா போ!"

சனியனே என்றது பழக்க தோஷம் என்று இன்றுவரை சொல்கிறார். நான் நம்பவில்லை.

வாசல் வரை இழுத்தாயிற்று. மறுபடி பலகையை உள்ளே கொண்டுபோய் வைத்தார். மறுபடி இழுத்தேன். முட்டி தேய்ந்தது. மூன்றாவது இழுப்பில் தலையைத் தூக்கிப் பார்த்தால், தோட்டத்துக் கதவுக்கு நேர் எதிரே, சுவருக்கு அந்தப் பக்கம், ஞானதுரை. ஒரு கையில் நான் எறிந்த கரணை, மறு கையில் கறிவேப்பிலை. வாய் திறந்திருந்தது.

"என்னவே செய்யுதீரு?"

"தரை போடறேன்."

"யாரு மேல?"

அப்போது கலை கடையிலிருந்து வந்தாள். நடையில் கணவன் நான்கு காலில். தலை சுற்றி விழுந்த அப்பா பலகை மேல் குந்தி, இடது கையை உயர்த்தி, நாக்கைச் சுழற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். பையைக் கீழே போட்டாள்.

"யோவ்! தல சுத்தற மனுசன பலகமேல ஏத்தி இழுக்கறியா? உனக்கு புத்தி இருக்குதா?"

"அவருதான் என்னை இழுக்கச் சொன்னாரு!"

"நீ சும்மா இரு கலை," என்றார் மாமனார் பலகை மேலிருந்து. "ஓட்டம் நல்லா வருது. நிறுத்தினா சேறு எறுகிப் போவும்."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். 

ஓட்டி முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைச் சேற்றின் மேல் விசிறி, மேடு பள்ளம் எங்கே என்று பார்த்தார். தண்ணீர் ஒதுங்கிய இடத்தில் கையால் வழித்தார். தேங்கிய இடத்தில் அப்பினார். சிமெண்டில் இப்படிச் செய்யலாமா என்று கேட்காதீர்கள். அன்று எங்கள் வீட்டில் இருந்தது சிமெண்ட் இல்லை, சேறு. கடைசியில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. எங்கும் இம்மி ஏற்ற இறக்கம் இல்லை. ஓட்டையில் நான் செருகிய பைப் மட்டும் ஒரு விரல்கடை உயரம் தூக்கிக்கொண்டு நின்றது.

"இதை மட்டம் பண்ணி அறுத்துடவா மாமா?"

"வாணாம் மாப்ள. வயல்ல தண்ணி வடியற மடவாய் கொஞ்சம் ஒசரமாத்தான் இருக்கணும். அப்பத்தான் தண்ணி நிக்கும்."

நான் யோசித்தேன். சுரங்கத்தில் பம்பு உறிஞ்சும் வாயைத் தரையோடு வைக்க மாட்டோம். சேற்றை இழுத்துவிடும். கொஞ்சம் தூக்கித்தான் வைப்போம்.

"ஆமா மாமா. அப்பத்தான் சேறு உள்ள போகாது" என்றேன்.

"அதான்" என்றார்.

"அதான்" என்றேன்.

நாங்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது என் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில், ஒரு பாத்ரூமில் தண்ணீர் எதற்கு நிற்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரைத் தேக்கியவர். நான் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்துத் தூக்குகிறவன். தண்ணீரைத் தானாக ஓட விட்டு எங்கள் இருவருக்கும் பழக்கமே இல்லை.

நடையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "தண்ணி குடு கலை" என்றார். அவள் சமையலறைக் குழாயில் ஒரு சொம்பு பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து, மடக் மடக்கென்று முழுச் சொம்பும் குடித்தார். அவருடைய கேன் மூன்றடி தூரத்தில், மூடி திறக்காமல் இருந்தது. அவர் கவனிக்கவில்லை. நாங்கள் கவனித்தோம். கலை காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வெகு நேரம் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. 

சிமெண்ட் இறுகினால் அதன் மேல் சில நாள் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வாசலில் களிமண்ணால் வரப்பு எடுத்துத் தண்ணீர் கட்டினோம். எங்கள் குளியல் எல்லாம் ஞானதுரை வீட்டுக்குப் போயிற்று. "எங்க வீடு குத்தாலமால்லா ஆயிட்டு" என்று அவர் புலம்பினார். ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமனார் பையை எடுக்கவில்லை. "தண்ணி பாக்க ஆள் வேணும். மாப்ள ஷிப்டுக்குப் போயிடறாரு. காஞ்சா வெடிச்சிடும். அதான் இருக்கேன்" என்று யாரும் கேட்காமலே சொன்னார். காலையில் டீயை எடுத்துக்கொண்டு பாத்ரூம் வாசலில் குந்திக்கொள்வார். உள்ளே தண்ணீர் நான்கு சுவரையும் ஒரே அளவாகத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பார். நானும் ஷிப்டு முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். தண்ணீர் நிற்கத்தான் கட்டியிருக்கிறோம், நிற்கிறது, இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

திறப்பு விழா அன்று வரப்பை உடைத்தோம். கட்டிய தண்ணீரை வாளியில் மொண்டு கொட்டினோம். (மொள்ள வேண்டி வந்ததே, அப்போதாவது யோசித்திருக்கலாம்.) முதல் குளியல் மாமனாருக்கு. துண்டைக் கட்டிக்கொண்டு, மணமேடைக்குப் போகிற மாதிரி உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. நான் நடையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கலை என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

ஊற்றும் சத்தம் நின்றது.

"மாப்ள."

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. தண்ணி நிக்குது."

"நிக்கட்டும் மாமா" என்றேன், பழக்கத்தில்.

கதவுக்கு அடியில் இருந்து தண்ணீர் வந்தது. அவசரம் இல்லாமல், சம அளவாக, அகலமாக வந்தது. அவ்வளவு அருமையான தரை. என் பாதத்தைத் தொட்டது. ஒரு பக்கம் சமையலறைக்குள் திரும்பியது. நிவேதா, "அம்மா, அரிசி மூட்டை!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். கலையின் சிரிப்பு போயிற்று. 'ங்க'வும் போயிற்று.

"யோவ்! குழி இருந்தப்ப தண்ணி குழிக்குள்ளயாவது நின்னுது! இப்ப அடுப்பு வரைக்கும் வந்து நிக்குது! பம்பு பாக்கறவனாம் பம்பு! இதுக்கு ஒரு மோட்டார் போடறதா?"

உண்மையைச் சொல்கிறேன். ஒரு சின்ன மோட்டார் போட்டால் என்ன என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம்தான் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அதுதான் மோசமானது. தோட்டத்து ஷெட்டுக்குப் போய்க் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கதவைத் தள்ளினேன். "நவுருங்க மாமா. இதை உடைச்சித் தள்ளினாத்தான் எனக்கு ஆறும்."

அவர் நகரவில்லை. ஈரத் துண்டோடு, பாதம் நனையும் தண்ணீரில், அந்தத் தரையின் நடுவில் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கடப்பாரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதயும் தோண்டப் போறீங்களா மாப்ள?"

சத்தமாகச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. கலை பாதிக் கத்தலில் நின்றாள்.   கடப்பாரை இவ்வளவு கனமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

 சுவருக்கு அந்தப் பக்கம் ஞானதுரையின் தலை எழுந்தது. நடையில் ஓடும் தண்ணீரைப் பார்த்தார். கடப்பாரையைப் பார்த்தார்.

"தண்ணி கட்டியாச்சு போலுக்கே. நடவு எப்பம்வே?"

முதலில் மாமனார்தான் சிரித்தார். மூக்கு வழியாக ஒரு சத்தம், பிறகு வயிறு குலுங்கி. துண்டு நழுவியது. அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கலை சுவரில் சாய்ந்து சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நான் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தேன். அது வழுக்கி என் கால் கட்டைவிரலில் விழுந்தது. எனக்கு அது வேண்டியதுதான்.

பிறகு ஆக்ஸா பிளேடால் அந்தப் பைப்பைத் தரையோடு தரையாக அறுத்தேன். தண்ணீர் ஒரு பெரிய ஏப்பம் விட்டு இறங்கியது. ஆனால் முழுக்கப் போகவில்லை. சரிவே இல்லாத தரை அது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் மெல்லிசாக ஒரு படலம் எங்கும் நின்றுவிட்டது. அதற்குப் பழைய இரும்புக் கடையில் சுரங்கத்தில் கழித்த கன்வேயர் பெல்ட் ஒரு துண்டு வாங்கி, மூங்கிலில் மாட்டித் தள்ளுகட்டை செய்தேன். நெய்வேலியில் பெல்ட் ரப்பருக்கு நாங்கள் கண்டுபிடிக்காத உபயோகம் இல்லை. இரண்டு தள்ளில் தரை காய்ந்துவிடும். அந்த வேலையை மாமனார் எடுத்துக்கொண்டார். யார் குளித்துவிட்டு வந்தாலும் தள்ளுகட்டையோடு உள்ளே போய் வடித்துவிட்டு வருவார். சொட்டு ஈரம் இருக்காது. இன்றுவரை அந்த பாத்ரூமில் யாரும் வழுக்கி விழுந்ததில்லை. அவரும் கிளம்பவில்லை. கேன்களில் ஒன்றில் இப்போது கலை மண்ணெண்ணெய் வைத்திருக்கிறாள்.

ஒரு வருடம் கழித்து எங்கள் பிளாக்கின் முறை வந்தது. சொன்ன மாதிரியே ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு வந்த மேஸ்திரி பாத்ரூமுக்குள் ரசமட்டத்தை வைத்தார். உள்ளே குமிழ் நட்டநடுவில் நின்றது. திருப்பி வைத்தார். மூலைக்கு மூலை வைத்தார். அசையவில்லை.

"யாருங்க இதப் போட்டது? இம்மி வித்தியாசம் இல்லியே. இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல" என்றார். பிறகு, "ஆனா பாத்ரூமுக்கு இப்படிப் போடவே கூடாதுங்க" என்றார். மாமனார் முதல் பாதியோடு காதை மூடிக்கொண்டார். அந்த முதல் பாதியை இந்தக் காலனியில் கேட்காதவர் இல்லை. உடைத்துச் சரிவாகப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். நான் மாமனாரைப் பார்த்தேன். "வேணாங்க" என்றேன். மெதுவாகச் சொன்னேன். கலை திரும்பிப் பார்த்தாள், எனக்கு உடம்பு சரியில்லையோ என்று.

இப்போது எனக்கு ரிட்டயர்மெண்ட் நெருங்குகிறது. வடக்குத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். குவார்ட்டர்ஸை ஒப்படைக்க வேண்டும். அடுத்து வரப்போகிற குடும்பத்துக்கு அந்தத் தள்ளுகட்டையை விட்டுவிட்டுப் போவதாக இருக்கிறேன்.

போன மாதம் நிவேதாவைப் பெண் பார்க்க விருத்தாசலத்திலிருந்து வந்தார்கள். பையன் கால் கழுவ பாத்ரூமுக்குப் போனான். வெகு நேரம் வரவில்லை. உள்ளே சரக், சரக் என்று சத்தம். மாமனார் காதைத் தீட்டிக்கொண்டார். பையன் வெளியே வந்ததும், இவர் எழுந்து போய் உள்ளே எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சொல்லாமலே தண்ணிய வடிச்சிட்டு வந்திருக்கான். தோளும் நல்லாருக்கு. வடக்குத்து வூட்டு பாத்ரூமுக்கு இன்னும் தர போடல. ஒத்த மாட்ட வச்சிக்கினு நானும் எத்தினி நாளைக்கு ஓட்டறது? ஜோடி சேரணும் இல்ல?"

நிவேதா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது. பையனின் அப்பா நல்ல மனிதர். ஒன்றும் புரியாமல், மரியாதைக்கு என் பக்கம் திரும்பினார்.

"சம்மந்தி மாடு வச்சிருக்கீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள், காபித் தட்டோடு வந்த கலை முந்திக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க. நல்லா இழுக்கும். கொஞ்சம் முட்டும்."